ஒரே பருவம் ஆடிய அணி

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்து வாலிபர் சங்க மேடையிலே விளையாட்டைப் பற்றிப் பேசுவதா என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருள் பந்தும் மட்டையும் மாத்திரமன்று. நமது ஊரின் பெயருமாகும்.

2020ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி லங்கா பிரீமியர் லீக் என்னும் தொழின்முறைக் கிரிக்கெட் போட்டி ஆரம்பமாயிற்று. கொழும்பு, கண்டி, காலி, தம்புள்ளை, யாழ்ப்பாணம் என ஐந்து ஊர்களின் பெயரில் ஐந்து அணிகள். நமது பெயரைத் தாங்கிய அணி ஜப்னா ஸ்டாலியன்ஸ். திசர பெரேரா தலைவர். வனிந்து ஹசரங்க, பாகிஸ்தானைச் சேர்ந்த சொயிப் மலிக் முதலியோர் ஆட்டக்காரர். முதலிட்டோர் பிறநாடுகளில் வாழ்வோர். கொரோனா நோய் பரவிய காலமாதலின் ஆட்டங்கள் யாவும் தீவின் மறுமுனையாகிய அம்பாந்தோட்டையிலே, பார்வையாளர் இன்றி நடைபெற்றன. ஆகவே அவ்வணி யாழ்ப்பாண மண்ணில் ஒரு பந்தேனும் வீசியதில்லை. ஆயினும் நாம் தொலைக்காட்சியின் முன்னிருந்து "எங்கட அணி" என்றே சொன்னோம். பெயருக்கு அத்துணை வலிமை!

டிசம்பர் 16ஆந் திகதி இறுதியாட்டம். நமது அணி 6 விக்கெட்டுகளை இழந்து 188 ஓட்டங்கள் பெற்றது. காலி அணி 9 விக்கெட்டுகளுக்கு 135. 53 ஓட்டங்களால் வெற்றி, கிண்ணமும் நமதாயிற்று.

எனினும் எனக்கு அக்கிண்ணத்திலும் பெரிதாகத் தோன்றுவது டிசம்பர் 4ஆந் திகதி நிகழ்ந்தது. விஜயகாந்த் வியாஸ்காந்த் என்னும் 18 வயதுச் சுழற்பந்து வீச்சாளர் கொழும்பு அணிக்கெதிராகக் களமிறங்கினார். யாழ். மத்திய கல்லூரியில் பயின்றவர். அவர் வீழ்த்திய முதல் விக்கெட் அஞ்சலோ மத்தியூஸ் உடையது! 2024ஆம் ஆண்டு மே மாதம் இந்தியன் பிரீமியர் லீக்கில் ஹைதராபாத் அணிக்காகவும் அவர் ஆடினார்.

இவரை அந்த அணி உண்டாக்கிற்றா? இல்லை. அணி ஒரு வாசலைத் திறந்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாசல்வரை கொண்டுவந்து விட்டது பள்ளிக்கூட மைதானம். மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு தொடங்கிய வடக்கின் பெரும்போர், யுத்த காலத்திலே சில ஆண்டுகள் தடைப்பட்டும் மீண்டும் தளிர்த்தது. அதற்கு முதலாளி எவருமில்லை. வெயிலில் நின்று பந்து பொறுக்கித் தந்த ஆசிரியர்களும் பழைய மாணவர்களுமே உண்டு.

ஸ்டாலியன்ஸ் அணியின் கதை ஒரு பருவத்தோடு முடிந்தது. 2021ஆம் ஆண்டு உரிமை கைமாறி, ஜப்னா கிங்ஸ் என்று பெயரும் மாறிற்று. புதிய அணி 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் வென்றது. உரிமைப் பத்திரம் எப்படியிருப்பினும் ஊரவர் நாலு கிண்ணம் என்று சேர்த்தே எண்ணுகிறார்கள். நானும் அவ்வாறே எண்ணுகிறேன்.

மண்டைதீவிலே சர்வதேச மைதானத்துக்கான வேலை 2025ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அது நல்லது. ஆனால் அங்கே ஆடப்போகும் பிள்ளை இன்று எந்தத் தரவையில், எந்தக் கோவில் வீதியில் பழகுகிறான்? அவனுக்கு ஒரு வலையும் நல்ல பந்தும் மாலையில் இரண்டு மணி நேரம் செலவிடக்கூடிய ஒரு மூத்தவரும் வேண்டும். கூட்டம் முடிந்ததும் பெயர் தர விரும்பும் அன்பர்கள் செயலாளரிடம் தரலாம்.