பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கு

(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் நாம் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டோம். எத்தனை திருமுழுக்கு, எத்தனை திருமணம் என்று பங்கின் ஏடுகளைப் புரட்டுகிறோம். நம் குளத்துக்கு வரும் பறவைகளுக்கு மட்டும் ஏடு கிடையாது. முன்பு ஏராளமாக வந்தன என்கிறார்கள் பெரியவர்கள். இப்போதும் வருகின்றனவே என்கிறார்கள் பிள்ளைகள். யார் சொல்வது சரியென்று தீர்ப்பதற்கு எழுத்தில் ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறையில் கட்சி கட்டிக்கொண்டு வேட்டைக்குப் போவார்கள். அதிகம் சுட்ட கட்சிக்கு வெற்றி. பிராங்க் சாப்மன் என்ற பறவையியல் அறிஞர், சுட வேண்டாம், எண்ணுங்கள் என்று அழைத்தார். 1900 கிறிஸ்துமஸ் அன்று 27 பேர் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது.

நம் தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் இவ்வாறு எண்ணிவருகிறார்கள். பொருத்தமான காலந்தான். குளிர்கால விருந்தாளிகள் அப்போது நம்மிடையே தங்கியிருப்பார்கள். கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயத்தையே தாண்டி வருகிறது. நம் வரப்பில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் மஞ்சள் வாலாட்டியும் வெளியூர்க்காரர்தான்!

ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவை எது, எத்தனை என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அதை இ-பேர்ட் என்ற இணையதளத்தில் பதிய வேண்டும். கைபேசி வைத்திருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொள்வார்கள். பெயர் தெரியாவிட்டால் ஊகித்து எழுதக்கூடாது. பங்கின் பெருமைக்காக நாற்பதை நானூறு ஆக்கவும் கூடாது. தேர்த் திருவிழாக் கூட்டத்தை நாம் எண்ணும் முறை இங்கே உதவாது.

காக்கையையுமா எண்ணுவது என்று சிலர் சிரிக்கிறார்கள். காக்கை, மைனா, சிட்டுக்குருவி இவற்றைத்தான் முதலில் எண்ண வேண்டும். அரிய பறவை வந்தால் ஊரே பேசும். அன்றாடம் காணும் பறவை குறைந்தால் யார் கவனிக்கிறார்கள்? பொதுமக்கள் எழுதிவைத்த இத்தகைய குறிப்புகளைக் கொண்டு, 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. மின்கம்பியில் சர்வசாதாரணமாக உட்கார்ந்திருக்கும் பனங்காடை நாட்டில் குறைந்துவருகிறது என்று அந்த அறிக்கை காட்டியது. குளத்தில் ஒரு வாத்தும் இல்லையென்றால், கண்ட மற்றவற்றை மட்டும் எழுதுவோம். வாத்து இல்லாததும் அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

வரும் மாட்டுப் பொங்கலன்று, காலைத் திருப்பலி முடிந்த கையோடு குளத்தங்கரையில் கூடுவோம். ஊர்ப்பெயராக இருந்தாலும் பரவாயில்லை, பறவைகளின் பெயர் தெரிந்த பெரியவர்கள் அவசியம் வர வேண்டும். பென்சிலும் ஒரு பழைய நோட்டும் போதும். தொலைநோக்கி இரண்டு கிடைத்திருக்கிறது. முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.