மணி அடித்தால் இன்டர்நெட் போகிறதா?

2005-இல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தபோது, பேசுவதற்கு இருந்த செம்புக் கம்பியிலேயே இன்டர்நெட்டும் ஓட ஆரம்பித்தது. இப்போது நம்ம குமரி மாவட்டத்தில் பைபர் வந்துவிட்டது. ஆனாலும் பழைய கம்பியை விடாதவர்கள் உண்டு, இது அவர்களுக்கு.

நம் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். இன்டர்நெட் சிக்னல் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஓடும். இரண்டையும் பிரித்துக் கொடுப்பதுதான் ஸ்பிளிட்டர் என்கிற சின்னப் பெட்டி. வீட்டுக்குள் வரும் லைன் முதலில் அதில்தான் ஏற வேண்டும். அதற்கு முன்னாலேயே மாடிக்கு ஒரு எக்ஸ்டென்ஷன், முன்னறைக்கு ஒரு பேக்ஸ் என்று கிளை இழுத்திருந்தால், மணி அடிக்கும்போது மோடத்தில் டி.எஸ்.எல். விளக்கு மினுக்கும், இணைப்பு அறுந்துவிடும்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மோடத்தை மட்டும் நேராக லைனில் மாட்டி அரைமணி நேரம் பாருங்கள். விளக்கு அசையாமல் எரிந்தால், மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் மினுக்குகிறதோ, அதற்குப் பேச்சை மட்டும் விடும் ஒரு பில்டர் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தனியாக மாட்டியும் மினுக்குகிறதா? ஒரு போனை மட்டும் மாட்டி, ரிசீவரை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை அழுத்துங்கள். டயல் டோன் நின்றுவிடும். அப்போது கரகரவென்று கேட்டால், வயரில் எங்கோ ஈரம் இறங்கியிருக்கலாம். நமக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி அடைமழையும் உண்டு. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்று வேறு. கம்பத்து ஜாயின்டில் செம்பு களிம்பேறிக் கிடக்கும். லைன்மேன் வரும்போது, அந்த ஜாயின்டை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.