பள்ளியும் தம்மமும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

பௌத்தம் தோன்றிய வரலாறும், அது இன்றளவும் மக்கள் நெஞ்சில் நிலைபெற்ற காரணமும் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். கல்விச் சங்கத்தின் விழாவில் இத்தலைப்பு எதற்கு எனச் சிலர் எண்ணக்கூடும். கல்வியையும் தம்மத்தையும் பிரித்துக் காண இயலாது என்பதே நம் கருத்து.

ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் சாக்கியர் குலத்தில் பிறந்த சித்தார்த்தர், இல்வாழ்வைத் துறந்து, புத்த கயையில் மெய்யறிவு பெற்றார். சாரநாத்தில் ஐவர்க்கு முதல் அறவுரை நிகழ்த்தினார். துன்பம் உண்டு; அதற்குக் காரணம் உண்டு; அதை நீக்கும் வழியும் உண்டு என்றார். அதனைப் பொதுமக்கள் பேசிய மொழியிலேயே சொன்னார். நூலில் உள்ளது என்பதற்காகவோ, ஆசான் சொன்னார் என்பதற்காகவோ எதனையும் ஏற்க வேண்டா. ஆராய்ந்து, நன்மை பயக்குமெனின் ஏற்றுக்கொள்க எனக் காலாமர் என்னும் மக்களுக்கு அறிவுறுத்தினார்.

சாக்கிய இளவரசர் சிலர் துறவு பூண வந்தபோது, அவர்களுடைய நாவிதர் உபாலியும் உடன் வந்தார். தங்கள் குலச் செருக்கு அடங்கும்பொருட்டு உபாலிக்கே முதலில் துறவு அளிக்குமாறு இளவரசர்கள் வேண்டினர். புத்தரும் அவ்வாறே செய்தார். முன் சேர்ந்தவரைப் பின் சேர்ந்தவர் வணங்குவது சங்க விதி. ஆகவே இளவரசர் தலைகள் நாவிதர் முன் தாழ்ந்தன. அவ்வுபாலியே பின்னர்ச் சங்க ஒழுக்க விதிகளை உரைப்பதில் தலைசிறந்தவர் எனப் போற்றப்பட்டார். பிறப்பு அன்று, கற்ற கல்வியே அவரை உயர்த்தியது.

"புத்தர் வடநாட்டார், நம் தருமபுரி மண்ணுக்கும் அவருக்கும் என்ன உறவு?" என வினவுவோர் உளர். அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவ உதவி செய்வித்த நாடுகளைக் கூறுமிடத்து, சோழர் பாண்டியரோடு சதியபுத்திரரையும் குறித்துள்ளார். அவர் யாவர் என்பதில் நெடுங்காலம் கருத்து வேறுபாடு நிலவியது. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் சதியபுத்திரன் என்றே சுட்டுகிறது. அவன் ஆண்ட தகடூரே இன்றைய தருமபுரி. துறவியர்க்கு அவன் உறைவிடம் ஈந்த செய்தியை அக்கல்வெட்டு கூறுகிறது; அத்துறவியர் சமணர் என்பர் அறிஞர். சமண, பௌத்தத் துறவியர் உறைவிடங்களுக்குப் பள்ளி என்று பெயர். அங்கே கல்வி வழங்கப்பட்டமையால், கல்விக்கூடத்திற்கும் அப்பெயரே வழங்கலாயிற்று என்பர். நம் பிள்ளைகள் நாள்தோறும் சொல்லும் சொல்லில் அவ்வரலாறு உறைந்துள்ளது.

பிற்காலத்தில் தமிழகத்தில் பௌத்தம் அருகிப்போயிற்று. அதனை மீட்க எழுந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். அவர் 1898இல் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். நம் முன்னோர் பௌத்தர்; அதன் பொருட்டே தாழ்த்தப்பட்டனர் என எழுதினார். அவருடைய முடிவுகள் அனைத்தையும் வரலாற்றறிஞர் ஏற்பதில்லை. எனினும், தாழ்வு நம் பிறவியில் வந்ததன்று, பிறரால் சுமத்தப்பட்டது என்னும் தெளிவை அவர் எழுத்து ஊட்டியது.

அத்தெளிவு நமக்கு வடக்கே கோலார் தங்கவயலை எட்டியது. அங்கே பாதாளத்தில் பாறை உடைத்த நம் தொழிலாளரிடையே மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும் பௌத்த சங்கங்கள் எழுந்தன. சித்தார்த்த புத்தகசாலை நூல்களை அச்சிட்டது. தங்கச் சுரங்கம் 2001இல் மூடப்பட்டுவிட்டது. பண்டிதரின் எழுத்துகளோ இன்றும் பதிப்பிக்கப்படுகின்றன.

சென்னைப் பேராசிரியர் இலட்சுமி நரசு 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூலை, அண்ணல் அம்பேத்கர் 1948இல் தம் முன்னுரையுடன் மறுபதிப்புச் செய்தார். இந்துவாகச் சாகமாட்டேன் என்று அண்ணல் இயோலாவில் அறிவித்தது 1935இல். நாகபுரியில் தம்மம் ஏற்றதோ 1956 அக்டோபர் 14 அன்று. இடையே 21 ஆண்டுகள் கற்றார், ஒப்பிட்டார், ஆராய்ந்தார். காலாமர்க்குப் புத்தர் சொன்னதை அண்ணல் செய்து காட்டினார். அவர்வழிச் சென்றோர்க்குப் பட்டியல் சாதியார்க்குரிய உரிமை 1990இல்தான் சட்டப்படி கிடைத்தது. அதுவரை இழப்பை அறிந்தும் லட்சக்கணக்கானோர் தம்மத்தை விடவில்லை.

"மதம் மாறினால் சாதி மறைந்துவிடுமா?" என்று இளைஞர்கள் வினவுகின்றீர்கள். பெயரை மாற்றுவதால் மட்டும் மறையாது. தம்மம் தந்தது மந்திரமன்று. தன் அறிவால் தன்னை அளக்கும் துணிவு. தன்னைப் பிறர் அளவுகோலால் அளந்துகொள்பவன், எம்மதத்தில் இருப்பினும் குனிந்தே நிற்பான். எம்மதத்தைத் தழுவுவது என்பது அவரவர் விருப்பம். கற்று ஆராயாமல் எதையும் தழுவாதீர், எதையும் தள்ளாதீர் என்பதே நம் வேண்டுகோள்.

பத்தாம் வகுப்பை முடிக்குமுன்னே நம் பிள்ளைகள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும், திருப்பூருக்கு ஆலை வேலைக்கும் போவதை ஆசிரியராகிய நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரை அடிக்கும்போது ஒரு குடும்பத்தின் வழி அடைபடுகிறது. படித்து முடித்த இளைஞர்களே! மாலையில் ஒரு மணி நேரம், ஒருவர் ஒரு பிள்ளையின் அருகில் அமருங்கள். அப்பிள்ளை பள்ளிக்கு வராத நாளில் அவன் வீட்டு வாயிலில் போய் நில்லுங்கள். சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு இதனினும் பெரிய பணி இல்லை. கல்வி கொடுத்த இடத்தையே நம் முன்னோர் பள்ளி என்றனர். நம் தெருவில் விளக்கெரியும் ஒவ்வொரு திண்ணையும் பள்ளியாகட்டும்.