கோயிலிலிருந்து 'குயில்' வரை

ஜொகூர் பாருவின் பழைய நகர்ப்பகுதியில் வழிபாட்டிடங்களைக் காண மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு ஒரு விண்ணப்பம் வைக்கின்றோம். துருஸ் சாலையிலுள்ள பழஞ்சீனக் கோயிலைத் தியோச்சூ, ஹொக்கியன், கந்தோனியம், ஹக்கா, ஹைனான் என ஐந்து பேச்சுமொழிக் குழுவினர் சேர்ந்து பேணி வருகின்றனர். மொழி பயில்வோர்க்கு இதனினும் சிறந்த வகுப்பறை ஏது?

நடக்கும் தொலைவிலேயே இராஜமாரியம்மன் ஆலயம். மலாய்மொழியில் அதற்குப் பெயர் 'குயில்'; பறவையன்று, நம் 'கோயில்' என்னும் சொல்லேதான். ஜப்பானியரின் ஷிந்தோ ஆலயத்தையும் மலாய்மொழி அச்சொல்லாலேயே சுட்டுகின்றது. இத்துணைத் தொலைவு சென்ற சொல் இருக்க, நம் பிள்ளைகளோ வாயிலில் நின்று 'டெம்பிள்' என்கின்றனர். கோபுரம், கொடிமரம், கருவறை என வழிகாட்டுவோர் தமிழிலேயே சொல்லட்டும். பிள்ளைகள் சுட்டிக்காட்டித் திரும்பச் சொல்லட்டும். விளக்கத்தாளைப் பேருந்தில் ஏறியபின் கொடுக்கலாம்.