மூடிய கதவுக்கு மறுமுறையும் சென்றவர்கள்

(விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களை அறியாத சமணக் குடும்பம் இல்லை. அவற்றுள் மருந்து என்னும் ஒன்றைப் பல நாட்டுக் குழந்தைகளுக்கும் கொண்டு சேர்க்க, ரோட்டரி என்னும் தொண்டர் சங்கம் 40 ஆண்டுகளுக்கும் மேலாக எவ்வாறு உழைத்து வருகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், அமெரிக்காவின் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் கூடிப் பேசினார். அவர்களுள் ஒருவர் நிலக்கரி வணிகர், ஒருவர் சுரங்கப் பொறியாளர், மற்றொருவர் தையற்கலைஞர். ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் உறுப்பினரின் பணியிடத்தில் கூட்டம் சுழன்று நடந்ததால் சங்கத்திற்கு ரோட்டரி என்ற பெயர் அமைந்தது. அவர்கள் முதலில் மேற்கொண்ட பொதுப்பணி, நகரில் பொதுக் கழிப்பறை அமைக்கச் செய்ததாகும். புகழ் தராத பணி. ஆயினும் ஊருக்கு வேண்டிய பணி.

நிதியும் அவ்வாறே எளிமையாகத் தொடங்கியது. உலகில் நற்பணி செய்வதற்கென நிலையான நிதி வேண்டும் என்று 1917இல் ஆர்ச் கிளம்ஃப் என்னும் தலைவர் முன்மொழிந்தார். அந்நிதிக்கு வந்த முதல் நன்கொடை, கன்சாஸ் நகரச் சங்கம் அளித்த 26 டாலர் 50 சென்ட். இச்சிறு தொகையே பின்னாளில் பெரும் அறநிதியாக வளர்ந்தது.

இளம்பிள்ளை வாதம் குழந்தைகளின் கால்களை முடக்கிய காலம் அது. 1979இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் சுமார் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து அளிக்கும் திட்டத்தை ரோட்டரி மேற்கொண்டது. அதில் பெற்ற துணிவால், 1985இல் உலகெங்கும் இந்நோயை ஒழிக்கும் பணியை ஏற்றது. 12 கோடி டாலர் திரட்ட எண்ணினர். 1988க்குள் 24 கோடி டாலருக்கும் மேல் சேர்ந்தது. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் நாடுகளும் இம்முயற்சியில் இணைந்தன. அப்போது 125 நாடுகளில், ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேரை இந்நோய் தாக்கிவந்தது.

இவ்வரலாற்றில் வடஆர்க்காட்டு மண்ணுக்கும் பங்குண்டு. 1980களின் தொடக்கத்தில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் நச்சுயிரியல் அறிஞர் டி. ஜேக்கப் ஜான், ஊரிலுள்ள குழந்தைகள் அனைவருக்கும் குறித்த நாள்களில் ஒருசேரச் சொட்டு மருந்து கொடுக்கும் முறையை வேலூரில் செயல்படுத்தினார். வேலூர் ரோட்டரி சங்கத்தார் அதற்குத் துணை நின்றனர். 1995 முதல் நாடெங்கும் நடைபெற்ற சொட்டு மருந்து முகாம்களும் இம்முறையையே பின்பற்றின. ஒரு தேசிய முகாமில் 24 லட்சம் பணியாளர்கள் சுமார் 17 கோடிக் குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தனர்.

நிதியும் மருந்தும் இருந்தும் நோய் உடனே ஒழிந்துவிடவில்லை. காரணம், விடுபட்ட வீடுகள். முகாம் முடிந்த மறுநாள் முதல் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றனர். குழந்தைகள் அனைவரும் மருந்து உண்ட வீட்டுச் சுவரில் ‘பி’ என்று எழுதினர். ஒரு குழந்தையேனும் விடுபட்டிருந்தால் ‘எக்ஸ்’ என்று குறித்தனர். அவ்வாறு குறித்த வீடுகளுக்கு மறுமுறையும் சென்றனர். குழந்தை ஊருக்குச் சென்றிருக்கலாம், உறங்கிக்கொண்டிருக்கலாம், தாய்க்கு அச்சம் இருந்திருக்கலாம். உத்தரப் பிரதேசத்தில் அச்சம் மிகுந்திருந்த பகுதிகளில், ரோட்டரி சங்கத்தார் இஸ்லாமிய மார்க்க அறிஞர்களை அழைத்துக் குழு அமைத்தனர். அயலார் சொல்லைவிடத் தம்மவர் சொல்லே மக்கள் மனத்தில் பதிந்தது.

2009இல் இந்தியாவில் 741 பேருக்கு இந்நோய் கண்டது. அது உலக எண்ணிக்கையில் ஏறத்தாழப் பாதி. அடுத்த ஆண்டில் அது 42 ஆயிற்று. 2011 ஜனவரி 13ஆம் நாள் மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்குக் கண்டதே இறுதி நிகழ்வு. 2014 மார்ச் 27ஆம் நாள் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் இளம்பிள்ளை வாதம் அற்றதெனச் சான்றளிக்கப்பெற்றது.

சங்கத்தின் உறுப்பினர் வரலாறும் அறிய வேண்டியதே. நெடுங்காலம் ரோட்டரியில் பெண்களுக்கு இடமில்லை. பின்னர் கலிபோர்னியாவின் டுவார்ட்டே நகரச் சங்கம் மூன்று பெண்களைச் சேர்த்தது. அதனால் அச்சங்கத்தின் உரிமமே பறிக்கப்பட்டது. வழக்கு உயர்ந்து, 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்களைச் சேர்ப்பதற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1989இல் உலகச் சங்கம் முழுவதும் கதவைத் திறந்தது. 2022இல் ஜெனிபர் ஜோன்ஸ் முதற்பெண் உலகத் தலைவரானார். ஊர்தோறும் மூடிய கதவுகளைத் தட்டிய சங்கம் தன் கதவையும் திறக்க வேண்டியிருந்தது.

பணி இன்னும் முடியவில்லை. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இந்நோயின் இயற்கைக் கிருமி இன்றும் பரவிவருகிறது. அது ஓரிடத்தில் எஞ்சியிருக்கும்வரை எந்த நாட்டுக் குழந்தைக்கும் முழுப் பாதுகாப்பில்லை. ஆகவேதான் இந்தியாவிலும் சொட்டு மருந்து முகாம்கள் நிறுத்தப்படவில்லை. 2017இல் கேட்ஸ் அறக்கட்டளையுடன் செய்த உடன்பாட்டின்படி, ரோட்டரியினர் ஆண்டுதோறும் 5 கோடி டாலர் திரட்டினால், ஒவ்வொரு டாலருக்கும் இரண்டு டாலரை அவ்வறக்கட்டளை சேர்ப்பதென முடிவாயிற்று.

விழா நாளில் மலர்கிற ஈகை நற்செயலே. ஆனால் மருத்துவ முகாம் நடத்திய பின், அன்று வராதவர் யார் என்று கேட்பவர் வேண்டும். கல்வி உதவி வழங்கிய பின், விண்ணப்பிக்கத் தெரியாமல் நின்ற பிள்ளை யார் என்று தேடுபவர் வேண்டும். வந்தவர் பட்டியலைப் பெரும்பாலான சங்கங்கள் வைத்திருக்கின்றன. வராதவர் பட்டியலையும் எழுதி வைத்து, அவர்தம் வாசலுக்கு மறுமுறை செல்லும் சங்கமே தொண்டை நிறைவு செய்கிறது. அவையிலுள்ள இளைஞர்கள் இவ்வாண்டு அப்பட்டியலை எழுதத் தொடங்குவார்களாக.