தலையெழுத்தும் கையெழுத்தும்
(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புத்தகங்களைப் பற்றி நாம் சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எல்லாப் புத்தகங்களையும் பற்றிப் பேச நேரமில்லை. மனிதன் தான் பிறந்த இடத்தையும், தான் யார் என்பதையும், தான் கடந்து வந்த வாழ்க்கைப் பிரயாணத்தையும் தன் கையாலேயே எழுதி வைத்த புத்தகங்கள் சில உண்டு. அவற்றைப் பற்றி மாத்திரமே பேசப் போகிறோம்.

நம் நாட்டில் வெகுகாலமாக யாருடைய கதை எழுதப்பட்டு வந்தது? சாமியின் கதை, சாமியின் பெண்டாட்டி பிள்ளைகளின் கதை, ராஜாவின் கதை, ராஜாவுக்கு வரம் கொடுத்த ரிஷியின் கதை. ஏர் உழுதவன் கதை எங்கே? நாற்று நட்டவள் கதை எங்கே? தெருக் கூட்டியவன் கதை எங்கே? "நீ ஏன் ஊருக்கு வெளியே குடியிருக்கிறாய்?" என்று கேட்டால், "தலையெழுத்து" என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவனுடைய இடம், பெயர், வாழ்வு எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் முடிந்துபோனால், அவனுக்குத் தனியாக ஒரு சரித்திரம் எதற்கு என்பதுதான் அதன் சூழ்ச்சி.

இந்தச் சூழ்ச்சி நம் நாட்டில் மாத்திரம் நடந்ததல்ல. அமெரிக்காவில் மேரிலாந்து என்னும் மாகாணத்தில் 1818 வாக்கில் பிரடெரிக் டக்ளஸ் என்பவர் அடிமையாகப் பிறந்தார். "வாக்கில்" என்று ஏன் சொல்லுகிறோம்? தான் பிறந்த தேதி இன்னதென்று அவருக்கே தெரியாது. சிறுவனாயிருந்தபோது எஜமானியம்மாள் அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். எஜமானன் அதைத் தடுத்தான். படித்தவன் அடிமையாயிருக்க மாட்டான் என்பது அவனுடைய பயம். எஜமானன் எதற்குப் பயப்படுகிறானோ அதுவே தனக்கு வேண்டியது என்று சிறுவன் தெரிந்துகொண்டான். தெருவிலே திரிந்த ஏழை வெள்ளைப் பிள்ளைகளுக்கு ரொட்டியைக் கொடுத்து அவர்களிடம் படித்துக்கொண்டான். 1838-ல் தப்பியோடினார், 1845-ல் தம் சரித்திரத்தைத் தாமே எழுதி வெளியிட்டார். ஊர்ப் பெயர், எஜமானன் பெயர், சவுக்கால் அடித்துக்கொண்டே வேத வசனம் சொன்ன பக்தனின் பெயர் எல்லாவற்றையும் அதில் எழுதினார். அதனாலேயே மறுபடி பிடிபடும் ஆபத்து வந்து, கடல் கடந்து அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் போக நேர்ந்தது. அங்கிருந்த நண்பர்கள் 1846-ல் பணம் திரட்டி அவருக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தார்கள்.

அமெரிக்க அடிமைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். புனாவில் ஜோதிராவ் புலே 1873-ல் "குலாம்கிரி" என்ற புத்தகத்தை எழுதியபோது, நீக்ரோ அடிமைத்தனத்தை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே அதைக் காணிக்கையாக்கினார். இரண்டு அடிமைத்தனமும் ஒரே சரக்கு என்பதை அவர் அன்றைக்கே கண்டுகொண்டார்.

டாக்டர் அம்பேத்கர் எழுதி வைத்த "விசாவுக்காகக் காத்திருத்தல்" என்னும் சிறு புத்தகம் 1990-ல்தான் தனிப் பிரசுரமாக அச்சில் வந்தது. 1901-ல், தகப்பனாரைப் பார்க்க ரயிலில் போன சிறுவர்கள் மசூர் ஸ்டேஷனில் இறங்கினார்கள். மகர் ஜாதி என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் முகம் மாறியது. வண்டிக்காரர்கள் வரமாட்டோம் என்றார்கள். கடைசியில் ஒருவன் இரட்டை வாடகைக்கு ஒப்புக்கொண்டான். ஆனால் வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவன் கூட நடந்து வருவான். கையில் சோறு இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுப்பாரில்லை. பசியோடு படுத்தார்கள். பிறகு அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, பரோடாவுக்கு உத்தியோகத்துக்கு வந்தபோதும் அவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். தடியோடு வந்து வெளியேற்றினார்கள். "படித்தால் ஜாதி தானே போய்விடும்" என்று சொல்லுகிறவர்கள் இதைப் படிக்கட்டும்.

"மதம் மாறினால் போதும்" என்கிறவர்கள் நம் தமிழில் பாமா 1992-ல் வெளியிட்ட "கருக்கு" புத்தகத்தைப் படிக்கட்டும். ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாமென்று கன்னியாஸ்திரீ மடத்தில் சேர்ந்த ஒரு பெண், அங்கேயும் ஜாதி உட்கார்ந்திருக்கக் கண்டு வெளியேறிய கதை அது. தம் தெருவார் பேசும் பேச்சிலேயே எழுதினார். அதைக் கொச்சை என்று முகம் சுளிப்பவர்களைக் கேட்கிறோம்: தெருவையே ஒதுக்கி வைத்தவர்களுக்கு அத்தெருவின் பேச்சு மாத்திரம் இனிக்குமா?

"பழைய அவமானத்தை ஏன் கிளற வேண்டும், நமக்கல்லவா வெட்கம்?" என்று நம்மவர்களிலேயே சிலர் சொல்லக்கூடும். தோழர்களே! தாகமெடுத்த பிள்ளைக்கு என்ன வெட்கம்? தண்ணீர் இல்லையென்றவனுக்கல்லவா வெட்கம்? எழுதாமல் விட்டால் அவன் செய்தது தெய்வம் செய்ததாகிவிடும். எழுதி வைத்தால்தான் இது மனிதன் செய்த காரியம், மனிதனால் மாற்றக்கூடிய காரியம் என்று விளங்கும். தலையெழுத்து என்பதை யாரும் கண்ணால் கண்டதில்லை. கையெழுத்து கண்ணுக்குத் தெரியும், சாட்சிக்கும் வரும்.

ஆகவே மூன்று காரியங்கள் கேட்டுக்கொள்கிறோம். இவ்வாசகசாலையில் இம்மாதிரிப் புத்தகங்களை வாங்கி வையுங்கள். வாரம் ஒரு நாள், படிக்கத் தெரியாதவர்களை உட்காரவைத்து உரக்கப் படித்துக் காட்டுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் நடந்த வழியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: எந்த ஊர், எந்தக் கிணறு, எந்த வருஷம், யார் தடுத்தார், யார் கூட நின்றார். முக்கியமாகத் தாய்மார்கள் சரித்திரத்தை எழுதுங்கள். அது புராணத்திலும் இல்லை, பட்டாவிலும் இல்லை.

அச்சில் வந்ததற்காக எதையும் நம்பிவிட வேண்டாம். நாம் சொன்னதற்காகவும் நம்ப வேண்டாம். படித்துப் பார்த்து, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.