சோம்பேறி என்று சொல்லும் முன்...



புக்கிட் மேரா என்றால் மலாய் மொழியில் செங்குன்று. அந்தப் பெயருக்குப் பின்னால் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் பள்ளியிலேயே கேட்டு வளரும் கதை ஒன்று உண்டு. முன்னொரு காலத்தில் வாள்மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கரைக்குப் பாய்ந்து வந்து மக்களைக் குத்திக் கொன்றன. அரசன் தன் வீரர்களைக் கரையோரமாக வரிசையில் நிறுத்தினான். வீரர்கள் மடிந்தார்கள். இன்னும் ஆட்களை நிறுத்தினான். அவர்களும் மடிந்தார்கள். அப்போது ஒரு சிறுவன் வந்து, "ஆட்களை நிறுத்தாதீர்கள், வாழைமரங்களை நிறுத்துங்கள்" என்றான். மீன்களின் கூரிய மூக்கு வாழையில் குத்திச் சிக்கிக்கொண்டது. ஊர் பிழைத்தது. ஆனால் இவ்வளவு அறிவுள்ள பையன் வளர்ந்தால் ஆபத்து என்று அரசவை பயந்தது. அவனைக் கொன்றுவிட்டார்கள். அவன் சிந்திய ரத்தத்தில் குன்று சிவந்தது என்பது வாய்மொழிக் கதை.

பொறாமை கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கதையைச் சொல்வார்கள். அதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒரு முறை பலிக்கவில்லை என்று தெரிந்த பிறகும் அரசன் அதே முறையை இரட்டிப்பாகச் செய்தான். நம் வீடுகளில் படிப்பு ஏறாத பிள்ளைக்கு நடப்பதும் இதுதான்.

தொடக்கநிலை மூன்றில் படிக்கும் ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். பாட்டி சொன்ன கதையை ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வான். எந்த ரயில் எங்கே நிற்கும் என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் முதல் வரியிலேயே நின்றுவிடுவான். "நேத்து படிச்ச வார்த்தை இன்னிக்கு எப்படிடா மறக்கும்?" என்பார் அம்மா. "ஃபோன்ல விளையாட மட்டும் தெரியுதா?" என்பார் அப்பா. துணைப்பாட வகுப்பு ஒன்று சேரும். மதிப்பெண் ஏறாது. இன்னொன்று சேரும். சனிக்கிழமையும் போய்விடும். கடைசியில் பையனுக்குச் சோம்பேறி என்ற பட்டம் கிடைக்கும். கொஞ்ச நாளில் அவனே அதை நம்பிவிடுவான்.

1896ஆம் ஆண்டில் பிரிட்டன் மருத்துவர் பிரிங்கிள் மார்கன் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். நல்ல புத்திசாலி, கண் பார்வையில் குறையில்லை, வாசிக்க மட்டும் வரவில்லை. பாடம் முழுவதையும் வாய்வழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் அதில் பதிவுசெய்தார். இன்று டிஸ்லெக்சியா என்று நாம் அழைக்கும் வாசிப்புக் குறைபாட்டைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் அது ஒன்று. அன்றைக்கே ஓர் ஆசிரியர் அந்தப் பையனைச் சோம்பேறி என்று சொல்லவில்லை.

இந்தக் குறைபாடு ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழ் எழுத்தைப் பாருங்கள். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. ஒலிக்கும்போது எகர ஒலி பின்னால் வருகிறது. 'கொ' என்ற எழுத்தில் அடையாளம் இருபுறமும் நிற்கிறது. ல, ள, ழ மூன்றும் பலருடைய பேச்சில் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே கேட்கின்றன. வீட்டில் "வந்துட்டான்", புத்தகத்தில் "வந்துவிட்டான்". மற்ற பிள்ளைகள் இதைத் தாமாகவே பிடித்துக்கொள்வார்கள். இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்லித்தர வேண்டும். ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. ஆங்கில எழுத்துக்கூட்டலைவிடத் தமிழ் எழுத்து முறை ஒழுங்கானது. கண்ணால் பார்த்து, வாயால் சொல்லி, விரலால் மணலில் எழுதி, படிப்படியாகச் சொல்லித்தந்தால் பிள்ளை முன்னேறும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை ஆனா கில்லிங்ஹமும் ஆங்கிலத்துக்காக வகுத்த வழியும் இத்தகையதே. 1991ல் தொடங்கிய சிங்கப்பூர் டிஸ்லெக்சியா சங்கம் அந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. பிள்ளையின் மூளைக்குப் பொருத்தமான கற்பித்தல் முறை, அதுவே அந்த வாழைமரம்.

டிஸ்லெக்சியா மட்டுமல்ல. வகுப்பில் ஒரு பெண் பிள்ளை திடீரென்று சில விநாடிகள் வெறித்துப் பார்க்கிறாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் எழுதுகிறாள். ஒரே நாளில் பலமுறை. "பகல் கனவு காண்கிறாள்" என்று குறிப்பேட்டில் எழுதுவார்கள். அது வலிப்பின் ஒரு வகையாகவும் இருக்கலாம், மருந்தால் கட்டுப்படுத்தக்கூடியது. ஆட்டிசம் உள்ள பிள்ளை பள்ளி உணவகத்தின் இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் அதை அடம் என்கிறோம். ஏடிஎச்டி எனும் கவனக்குறைவு உள்ள பிள்ளை நாற்காலியில் நெளிந்தால் அதைத் திமிர் என்கிறோம். 'மாட்டேன்' என்பதும் 'முடியவில்லை' என்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டையும் பிரித்தறிவதுதான் பெரியவர்களின் வேலை.

வலிப்பைப் பற்றி இன்னொரு வார்த்தை. கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. வாயில் எதையும் வைக்கக்கூடாது. கைகால்களை அழுத்திப் பிடிக்கக்கூடாது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அருகிலுள்ள கூர்மையான பொருள்களை அகற்றி, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 995ஐ அழையுங்கள்.

சிங்கப்பூரில் உதவி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பாலர் பள்ளி வயதில் சந்தேகம் வந்தால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். அங்கிருந்து கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அல்லது தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் சிறார் மேம்பாட்டுப் பிரிவுக்கு அனுப்புவார்கள். தேவை உறுதியானால் ஏழு வயதுக்கு முன்பே தொடக்க உதவித் திட்டத்தில் சேர்க்கலாம். தொடக்கப்பள்ளிகளில் இதற்கென்று பயிற்சி பெற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள். இந்தப் பணி 2005ல் தொடங்கியது. டிஸ்லெக்சியா உள்ள தொடக்கநிலை 3, 4 மாணவர்களுக்குச் சிறு குழுக்களாகப் பாடம் நடத்தும் திட்டம் 2012ல் தொடங்கி, 2016க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. தேர்வில் கூடுதல் நேரம் கேட்கவும் வழியுண்டு. பள்ளி மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

சட்டமும் மாறியிருக்கிறது. 2003ல் கட்டாயக் கல்விச் சட்டம் நடப்புக்கு வந்தபோது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. மிதமான, கடுமையான தேவையுள்ள பிள்ளைகளும் 2019லிருந்து அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். அவர்கள் பள்ளிக்கு வருவது சலுகை என்ற காலம் போய்விட்டது. அது அவர்களின் உரிமை.

அப்படியானால் தடை எங்கே இருக்கிறது? பெரும்பாலும் வீட்டு வாசலில்தான். "எழுத்தில் பதிந்துவிட்டால் பிள்ளையின் எதிர்காலம் என்னாவது? அக்காவுக்கு வரன் பார்க்கும்போது கேட்பார்களே? ஊர் என்ன சொல்லும்?" இந்தப் பயத்தில் ஓடிப்போகும் இரண்டு வருடம் பிள்ளையின் வருடம், ஊரின் வருடம் அல்ல. சிறப்புக் கல்வித் தேவையுள்ள மாணவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் வழக்கமான பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். பெயர் வைத்த உடனே பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் பெரும்பாலோருக்குத் தேவையில்லாதது. சிறப்புப் பள்ளியே தேவை என்றாலும் அதில் தலைகுனிவு ஒன்றும் இல்லை.

1996ல் திரு லீ குவான் இயூ தமக்கும் லேசான டிஸ்லெக்சியா இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். பலருக்கு அது தைரியம் தந்தது. ஆனால் நம் பிள்ளையும் ஒருநாள் பெரிய தலைவராக வரும் என்ற கணக்கு வேண்டாம். 2007ல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்துப் பையனைப்போல் ஒளிந்திருக்கும் ஓவியத் திறமையும் எல்லாருக்கும் இருக்காது. திறமையைக் காட்டினால்தான் அன்பு என்றால், அதுவும் ஒரு தேர்வாகிவிடும். ஏற்கெனவே தேர்வுகளில் களைத்துப்போன பிள்ளை அது.

தமிழ்க் குடும்பங்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று உண்டு. பேச்சு தாமதமானால், "தமிழை விட்டுவிடுங்கள், ஆங்கிலம் மட்டும் போதும்" என்று நலம் விரும்பிகளே சொல்வார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசமோ பேச்சுக் குறைபாடோ வருவதில்லை என்பதை ஆராய்ச்சிகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. தேர்வுச் சுமை தாங்காத பிள்ளைக்குத் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்கு கேட்கலாம். அதில் தவறில்லை, சில பிள்ளைகளுக்கு அதுவே நல்லது. ஆனால் விலக்கு பாடத்துக்குத்தான், மொழிக்கு அல்ல. பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால், தமிழ் போகும் நாளில் அந்தப் பிள்ளைக்குப் பாட்டியும் போய்விடுகிறார். எழுத வராத பிள்ளைக்கும் தாலாட்டு வேண்டும், கதை வேண்டும், "சாப்பிட்டியா கண்ணு?" என்ற கேள்வி வேண்டும்.

புக்கிட் மேரா வட்டாரத்துக்கே திரும்பி வாருங்கள். ரெட்ஹில் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், லெங்கோக் பாருவில், ஒருகாலத்தில் புக்கிட் மேரா தொழிற்பயிற்சிக் கழகம் இருந்தது. 1980களில் தொடக்கப்பள்ளியிலேயே மாணவர்களைத் தரம் பிரித்தார்கள். ஏட்டுப் படிப்பு வராத பிள்ளைகள் தொழிற்பயிற்சிக்குப் போனார்கள். ஏன் வரவில்லை என்று சோதித்துப் பார்க்கும் வசதி அன்றைக்கு அரிது. அந்தக் கழகத்தின் கட்டடங்களே புதுப்பிக்கப்பட்டு 2015 டிசம்பரில் 'எனேபலிங் வில்லேஜ்' என்ற பெயரில் திறக்கப்பட்டன. உடற்குறையுள்ளோருக்கான பயிற்சி, வேலை ஆலோசனை, உதவிச் சாதனங்கள் எல்லாம் அங்கே உண்டு. சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் பாலர் பள்ளியும் உண்டு. பூங்காவைப்போல் திறந்த இடம். யாரும் உள்ளே போகலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பாருங்கள். கேள்வி கேட்க வெட்கப்படுகிறவர்களுக்கு அது நல்ல முதல் படி.

நிறைவாக மூன்று வேண்டுகோள்கள். பெற்றோர்களே, சந்தேகம் வந்த வாரமே வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். அடுத்த தேர்வு வரை காத்திருக்காதீர்கள். ஆசிரியர்களே, "கவனம் போதாது" என்று எழுதுவதோடு நிற்காமல் எந்த இடத்தில், எந்த நேரத்தில் பிள்ளை தடுமாறுகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மருத்துவருக்கு அந்த ஒரு வரி பேருதவி. உறவினர்களே, தீபாவளிக்கு அந்த வீட்டுக்குப் போகும்போது "எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். "என்ன விளையாடலாம்?" என்று கேளுங்கள்.